மலையடிவாரத்துச் சித்திரக்காரன்

ஜவ்வாது என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது கல்யாண வீட்டில் சந்தனப் பேலாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சின்ன டப்பிதான். அதே பெயரில் ஒரு மலையும் இருக்கிறது என்று சொன்னால், "அப்படியானால் அந்தப் பக்கம் போனாலே மணக்குமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் மணந்துதான் இருக்க வேண்டும். சந்தன மரத்துக்குப் பெயர் போன மலை அது. அடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசாங்கச் சந்தனக் கிடங்கே உண்டு. ஆனால் நான் அந்தப் பக்கம் போனது சந்தனத்துக்காக அல்ல.

"இந்த வெயிலில் யாரைப் பார்க்கக் கிளம்பிவிட்டீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒரு சித்திரக்காரரை."

"விலாசம் இருக்கிறதா?"

"விலாசம் நன்றாக இருக்கிறது. பெயர்தான் தெரியாது."

"பெயர் தெரியாத மனிதரை எப்படி விசாரிப்பீர்கள்?"

நியாயமான கேள்விதான். அந்த மனிதர் காலமாகி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்பதை அப்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், குடையை எடுத்துக் கொடுக்கும் சிரமத்தைக்கூட அவள் எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில், ஆரணிக்கும் போளூருக்கும் இடையே வடமாதிமங்கலம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் திருமலை. ஏழுமலையான் வாசம் செய்யும் திருமலை அல்ல; இது ஜைனர்களின் திருமலை. மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலைத்தொடர் நீல நிறத்தில் படுத்திருக்கிறது. கிழக்கே நெல்வயல்கள். நடுவில் ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது இந்தக் குன்று. அதன் அடிவாரத்தில் கோயில்கள். மேலே, தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய ஜைனச் சிலை என்று பெயர் பெற்ற நேமிநாதர். பக்தர்கள் சிகாமணிநாதர் என்றும் அவரை அழைக்கிறார்கள். பாறையின் குடைவான வயிற்றில் செங்கல்லும் காரையும் கொண்டு அடுக்கடுக்காக அறைகள் கட்டியிருக்கிறார்கள். அந்த அறைகளுக்குள்ளேதான் நான் தேடிப் போன சித்திரக்காரரின் விலாசம்.

கதை படிக்கும் பழக்கமுள்ள வாசகர்களுக்கு இந்த ஊர் அந்நியமானதல்ல. 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டுக் குந்தவைப் பிராட்டியிடம் மனத்தைப் பறிகொடுக்காதவர் யார்? கதையில் வரும் குந்தவையை மறந்துவிட்டுக் கல்வெட்டில் வரும் குந்தவையைப் பார்த்தாலும் நமக்கு ஏமாற்றம் உண்டாவதில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள தாதாபுரத்தில் சிவனுக்கு ஒரு கோயில், விஷ்ணுவுக்கு ஒரு கோயில், ஜினருக்கு ஒரு கோயில் என்று மூன்றையும் எடுப்பித்தவர் அவர். திருமலையிலும் 'குந்தவை ஜினாலயம்' என்றே கோயிலுக்குப் பெயர். பெருமை வாய்ந்த சோழ ராஜகுமாரியின் பெயர் ஆயிரம் வருஷமாக இந்தச் சிறிய கிராமத்தில் தங்கியிருக்கிறது.

அவர் பெயர் மட்டுமா? இந்தப் பாறையைப் பெயர்களின் பாறை என்றே சொல்லலாம். முதலாம் ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் வருஷத்தையொட்டி, குணவீரர் என்ற முனிவர் இங்கே ஒரு கலிங்கு கட்டுவித்தார். ஏரிக்குக் கலிங்கு கட்டிய துறவியைப் பற்றி எண்ணும்போதே மனம் நிறைகிறது. ராஜேந்திரனுடைய கல்வெட்டு ஒன்று அவன் சேனை கங்கை வரையில் போய் வந்த வெற்றிகளை நீளமாகச் சொல்கிறது. சரித்திர ஆசிரியர்கள் சோழர் படையெடுப்பைப் பற்றி எழுதும்போது இந்தப் பாறையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் இத்தனை தேசங்களையும் ஜயித்துவிட்டு அந்தக் கல்வெட்டு கடைசியில் வந்து சேருகிற விஷயம் என்ன? மல்லியூர் வியாபாரி நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்ற அம்மாள் குந்தவை ஜினாலயத்தில் விளக்கு எரிய ஏற்பாடு செய்தாள் என்பது! கங்கையும் வங்கமும் ஒரு விளக்குக்கு முன்னுரை. எனக்கு இதைப் படிக்கும் போதெல்லாம் சிரிப்பும் வரும். கண்ணும் சற்றுக் கலங்கும்.

இன்னொரு கல்வெட்டு. சேர வம்சத்து எழினி என்பவன் யக்ஷன், யக்ஷி உருவங்களை இங்கே எழுந்தருளச் செய்திருந்தான். அவை சிதைந்துபோயின. காலம் கடந்து, தகடூர் அதிகைமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்தான். பழைய எழினியின் பெயரையும் மறக்காமல் சொல்லித் தன் பெயரையும் சொல்லிக்கொண்டான்.

ஆக, மன்னன் பெயர், ராஜகுமாரி பெயர், முனிவர் பெயர், வியாபாரியின் மனைவி பெயர், சிற்றரசன் பெயர் எல்லாம் இருக்கின்றன. சுவரில் சித்திரம் தீட்டிய மனிதனின் பெயரை மட்டும் காணோம்.

என்னைத் தொல்லைப்படுத்திய கேள்வி இதுதான். என் போன்றவர்கள் இரண்டு பக்கக் கதை எழுதினால்கூடத் தலைப்புக்குக் கீழே பெயர் வந்திருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். இருட்டறையில் கழுத்து நோக அண்ணாந்து நின்று வேலை செய்த மனிதனுக்கு அந்த ஆசை இல்லாமலா போயிருக்கும்?

உள்ளே போனேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். "பார்த்து வாங்க சாமி, தலையில இடிச்சுக்கப் போறீங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் இடித்துக்கொண்டுவிட்டேன். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றால், இருட்டு தானாகவே விலகிக் கொடுக்கிறது. காவிச் சிவப்பு முதலில் வருகிறது. பிறகு மஞ்சள். பிறகு கறுப்புக் கோடு. கம்பளம் விரித்தாற்போல் கட்டம் கட்டமாகப் பூவேலை. தேவ மாதர்கள். நடுவிலே ஒரு பெரிய வட்டம், அதுதான் சமவசரணம்.

சமவசரணம் என்பது ஜைனர்களின் அழகான கற்பனைகளில் ஒன்று. தீர்த்தங்கரர் ஞானம் பெற்றதும் அவர் உபதேசம் செய்வதற்காகத் தேவர்கள் ஒரு மண்டபத்தைச் சிருஷ்டிக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டமாக மதில்கள், அகழி, பூந்தோட்டம், கொடிகள். நடுவில் பன்னிரண்டு பிரிவாக இடம் ஒதுக்கியிருக்கிறது: தேவர்களுக்கு, துறவிகளுக்கு, மனிதர்களுக்கு, ஏன், மிருகங்களுக்குக்கூட. மாடும் மானும் சிங்கமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கின்றன. ஒவ்வொரு பிராணிக்கும் அதன் பாஷையிலேயே உபதேசம் விளங்குகிறதாம். புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசல் விதானத்தில் இருக்கிறதே புகழ் பெற்ற தாமரைக்குளம், அதுவும் இந்தச் சமவசரணத்தைச் சேர்ந்த ஒரு நீர்நிலைதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

திருமலைச் சித்திரங்கள் ஒரே காலத்தவை அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாகப் பூச்சுப் பூசி எழுதியிருக்கிறார்கள். அடியில் உள்ளவை சிலவற்றைச் சோழர் காலத்தோடு சேர்க்கிறார்கள். இப்போது நம் கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை விஜயநகர காலமும் அதற்குப் பின்னும். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் ஜைனக் கோயில் மண்டபத்துச் சித்திரங்களைப் பார்த்தவர்களுக்கு, இவை இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று தோன்றும்.

அந்தச் சித்திரக்காரன் எப்படி வேலை செய்திருப்பான்? இதை எனக்குப் புரிய வைத்தவர் புஸ்தகம் எழுதிய பண்டிதர் அல்ல. போளூர்ப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர். சிமெண்டு வேண்டாம், பழைய முறையிலேயே சுண்ணாம்பில் செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பானையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர்.

"எத்தனை நாள் ஊற வேண்டும்?" என்று கேட்டேன்.

"எத்தனை நாள் பொறுக்கிறீங்களோ அத்தனையும் நல்லதுங்க. அவசரக்காரனுக்குச் சுண்ணாம்பு வேலை ஆவாது சாமி. இன்னிக்கு அவசரப்பட்டா நாளைக்கு வெடிச்சுக் காட்டிக் குடுத்துடும்."

சித்திரக்காரனின் வேலையும் இந்தத் தொட்டியில்தான் ஆரம்பமாகிறது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்துப் பாறையின் மேலே முதல் பூச்சு. கரடுமுரடை அது மறைக்கும். அதற்கு மேலே மெல்லியதாக இன்னொரு பூச்சு. இதைக் கூழாங்கல்லால் தேய்த்தால் முட்டை ஓட்டைப் போல் வழவழப்பு வரும். ஈரச் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாக மாறுகிறது. ஈரம் இருக்கும்போதே வர்ணத்தை இட்டால், அந்த வர்ணமும் கல்லுக்குள்ளே அகப்பட்டுக்கொள்ளும். பசையே வேண்டாம். ஆனால் தவறு செய்தால் அழிக்கவும் முடியாது. காலையில் எவ்வளவு இடத்தில் பூசுகிறானோ அவ்வளவையும் காய்வதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். சுண்ணாம்பு காய்ந்த பிறகு எழுதுவது இன்னொரு முறை. அதில் நிதானம் உண்டு, ஆயுள் சற்றுக் குறைவு. சென்னை அருங்காட்சியகத்தில் ரசாயன நிபுணராக இருந்த எஸ். பரமசிவன் 1930-களில் இந்தப் பூச்சுகளை ஆராய்ந்து, தஞ்சைப் பெரிய கோயில் சோழர் சித்திரங்கள் ஈரப்பூச்சில் எழுதியவை என்றும் சித்தன்னவாசலில் கையாண்டது உலர்ந்த பூச்சு முறை என்றும் எடுத்துக் காட்டினார்.

வர்ணங்களோ, காலுக்கடியில் கிடைப்பவை. சிவப்புக்குக் காவிக்கல், மஞ்சளுக்கு மஞ்சட்காவி, பச்சைக்குப் பச்சை மண், கறுப்புக்கு விளக்குப் புகை அல்லது கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும். தூரிகைக்கு அணில் வால் மயிர். முதலில் காவியால் உருவத்தின் கோட்டை இழுப்பான். வர்ணமில்லாமல் கோடு மட்டுமாக நிற்கும் சித்திரத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று பழந்தமிழில் ஓர் அழகான பெயர் உண்டு. பிறகு உள்ளே வர்ணம் நிரப்புவான். கடைசியில் மறுபடியும் கோடு. இது அழுத்தமான கோடு. பார்க்கிறவன் கண்ணைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கடைசிக் கோடுதான். சங்கப் புலவர் ஒருவர் மதுரை நகரத்துச் சித்திரக்காரர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறார். கண்ணுக்குள்ளே வேலை செய்கிறவர்கள்! இதைவிடச் சுருக்கமாக அந்தத் தொழிலைச் சொல்ல முடியுமா?

சரி, வேலை புரிகிறது. வேலைக்குக் காரணம்? எதற்காகச் செய்தான்?

கூலிக்காக என்று சொல்லலாம். அதில் ஒன்றும் இழுக்கில்லை. நெல்லாகவோ காசாகவோ அவனுக்குக் கிடைத்திருக்கும். அவன் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே. கல்வெட்டில் அவன் பெயர் இல்லாததற்கும் ஒரு சாதாரணமான காரணத்தைச் சொல்லிவிடலாம். கல்வெட்டு என்பது பெருமைப் பலகை அல்ல, அது பத்திரம். சாமுண்டப்பை அம்மாள் விளக்குக்காகக் கொடுத்த பணத்தை யாரும் விழுங்கிவிடாமல் இருக்க, கொடுத்தவர் யார், எந்த ஊர், எதற்குக் கொடுத்தார் என்று எழுதித்தான் ஆக வேண்டும். இன்றைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கிறோமே, அது போல. சித்திரக்காரன் எதையும் தானம் செய்யவில்லை, கூலி வாங்கினான். கணக்குத் தீர்ந்தது.

இந்தச் சமாதானம் சரியானதுதான். ஆனாலும் போதாது. ஏனென்றால் கூலிக்கு வேண்டியதற்கு மேலே அவன் செய்து வைத்திருக்கிறான்.

ஜவ்வாது மலைக்கு வடக்கே, பாலாற்றுக்கு அந்தப் பக்கம், ஆம்பூரை அடுத்து மலையாம்பட்டு என்று ஓர் ஊர். அங்கே ஆர்மாமலை என்று ஒரு குகை. இயற்கையான குகைக்குள் மண் கல்லால் சுவர் எழுப்பி ஜைனத் துறவிகள் வாசம் செய்த இடம். அதன் விதானத்தில் எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய சித்திரங்கள், சித்தன்னவாசலுக்குத் தங்கை என்று சொல்லத்தக்கவை. திக்குப் பாலகனான அக்னி தேவன் தன் தேவியோடு ஆட்டுக்கிடாவின் மேலே பவனி வருகிறான். தாமரைக் குளமும் அன்னங்களும் இருக்கின்றன. துறவிகளுக்கு உட்காரவும் படுக்கவும் இடம் போதும். மழை ஒழுகாத கூரை போதும். அவர்கள் தலைக்கு மேலே தாமரை பூக்க வேண்டுமென்று என்ன அவசியம்? சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு தாமரைக் குளம் எழுது' என்று உத்தரவு வந்திருக்கும். மீன் துள்ளுவதையும் எருமை அமிழ்ந்து நிற்பதையும் யானை தண்டைப் பிடுங்குவதையும் இவ்வளவு ஆசையோடு எழுது என்று யாராவது உத்தரவு போட முடியுமா? அந்த மனிதன் ஏதோ ஓர் ஏரிக்கரையில் வெகு நேரம் உட்கார்ந்து மீன் துள்ளுவதைப் பார்த்திருக்கிறான். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டு சாக அவனுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

அரசர்களுக்கும் இந்தப் பித்து உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் எத்தனையோ விருதுப் பெயர்கள் வைத்துக்கொண்டவன். அவற்றில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. நாடாளும் மன்னன் சித்திரக்காரர்களுக்குள்ளே நான் புலி என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டான். உண்மையான சித்திரக்காரனோ எலியென்றும் புலியென்றும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். திருமலையில் பிந்திய சித்திரக்காரன் முந்தியவனின் சித்திரத்தின் மேலேயே சுண்ணாம்பு பூசி எழுதினான். நம் காலத்தில் யாராவது இப்படிச் செய்தால் பத்திரிகைகளில் கண்டனம் எழுதுவோம். அந்தக் காலத்திலோ பழசைப் புதுப்பிப்பது பெரிய புண்ணியம். விடுகாதழகிய பெருமாள் செய்ததும் அதுவே. தஞ்சாவூரில் இதே கதை நடந்திருக்கிறது. 1931-ஆம் வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி பெரிய கோயிலின் உட்சுற்று இருட்டில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களின் அடியிலிருந்து சோழர் காலத்துச் சித்திரங்கள் எட்டிப்பார்ப்பதைக் கண்டார். மேலே இருந்த பூச்சு கீழே இருந்ததை மறைத்தது. மறைத்ததனாலேயே புகையிலிருந்தும் கையிலிருந்தும் காப்பாற்றியும் கொடுத்தது! பின்னால் தொல்பொருள் துறையார் மேல் சித்திரத்தைப் பதமாகப் பெயர்த்து வேறு பலகையில் ஒட்டி வைத்து, இரண்டையும் பிழைக்க வைத்தார்கள்.

தன் சித்திரத்தின் மேல் ஒருநாள் இன்னொருவன் எழுதுவான் என்று திருமலைச் சித்திரக்காரனுக்குத் தெரியும். தானே ஒருவனுடையதன் மேல் எழுதியவன்தானே! தெரிந்தும் கடைசிக் கோட்டை அவ்வளவு சிரத்தையாக இழுத்திருக்கிறான். இதை நினைத்தபோது, பெயர் எழுதாதது அவனுக்கு ஒரு குறையாகவே தோன்றியிருக்காது என்று எனக்குப் பட்டது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை தூரம் வெயிலில் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் எங்களை உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போனார்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். மண்டபத்துச் சுவரில் மங்கலாக ஏதோ சித்திரம் இருந்தது. ஜியோமிதிப் பெட்டியிலிருந்த காம்பஸ் முனையால் அதன் ஓரத்தில் என் பெயரை எழுதினேன். தலையெழுத்தோடு முழுப் பெயர். பக்கத்தில் வருஷம். காம்பஸ் முனை பட்டதும் சுண்ணாம்பு வெள்ளையாகப் பொடிந்து என் சட்டையில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இதென்னடா மாவு?" என்று கேட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

எத்தனை நாள் ஊறிய சுண்ணாம்போ அது! கொத்தனார் தொட்டியின் பக்கத்தில் நின்றபோது எனக்கு அந்த மாவுதான் கண்ணில் நின்றது.

நான் மட்டுமல்ல. நம் நாட்டில் பழைய சித்திரம் உள்ள இடங்களில் ஆணியால் கீறிய பெயர்களை எங்கே பார்க்காமல் இருக்கிறோம்? முருகேசனும் சரோஜாவும் அம்பு தைத்த இருதயமுமாக எத்தனை! எழுதியவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டுமென்று தோன்றவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவனுக்குத் தோன்றிவிடுகிறது. தண்ணீர் கசிவும் வௌவாலும் கற்பூரப் புகையும் பல நூற்றாண்டு உழைத்துச் செய்கிற நாசத்தை ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒரு நிமிஷத்தில் செய்து முடிக்கிறான்.

சில வருஷங்களுக்கு முன்பு அந்தப் பழைய மண்டபத்துக்கு மறுபடியும் போனேன். என் பெயரைத் தேடினேன். அழித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு அல்ல. அழிக்க எனக்கு என்ன தெரியும்? பார்க்க வேண்டும் என்றுதான். பெயர் இல்லை. கும்பாபிஷேகத்தின்போது யாரோ சுவர் முழுவதும் பட்டையாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தார்கள். என் பெயரோடு அந்தச் சித்திரமும் உள்ளே போய்விட்டது. ஒரு பக்கம் நிம்மதி. ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். என்றைக்காவது ஒரு கோவிந்தசாமி வந்து அந்தப் பூச்சைப் பெயர்த்துப் பார்ப்பார். சித்திரம் வெளியே வரும். கூடவே அடியேனுடைய பெயரும் வரும். அவர் என்னைத் திட்டுவார்.

திருமலையை விட்டுப் புறப்படும்போது, பெரியவர் கதவைப் பூட்டிக்கொண்டே, "எல்லாம் பார்த்தீங்களா சாமி?" என்று கேட்டார்.

"பார்த்தேன். யார் எழுதியதென்றுதான் தெரியவில்லை."

"அது எதுக்குங்க?" என்றார் அவர். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "எழுதினவங்க ஒருத்தரா, ரெண்டு பேரா? காரை உதிராம இருக்கணும். அதான் எங்களுக்குக் கவலை."

மேற்கே ஜவ்வாது மலை சாயங்கால வெயிலில் சிவந்துகொண்டிருந்தது. நல்ல காவிச் சிவப்பு.